ஈகையும் அளவும்

கொடை என்றால் அளவில்லாமல் கொடுப்பதுதான் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிப் போயிருக்கிறது. முல்லைக்கொடி பற்றிப் படரக் கொழுகொம்பில்லாமல் தவிப்பதைக் கண்டு, தேரை அதற்கு விட்டுவிட்டு நடந்து போனான் பாரி. தன் உயிரைக் காக்கும் கவசத்தையும் குண்டலத்தையும், கேட்பவன் யார் என்று தெரிந்தே அறுத்துக் கொடுத்தான் கர்ணன். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ‘இவ்வளவுதான்’ என்று சொல்லிக் கொடுக்கிறவனைக் கண்டால் முகம் சுளிக்கிறது. அளவு பார்ப்பவன் அரைக் கொடையாளி. கணக்குப் பார்ப்பவன் முழுக் கருமி. இப்படித்தான் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்கு வேறோர் உண்மையும் தெரியும். கேட்டவர்க்கெல்லாம் கேட்டதையெல்லாம் கொடுத்த எத்தனையோ வீடுகள், இரண்டு தலைமுறைக்குள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கின்றன. போனதுகூடப் பெரிதில்லை. கொடுத்த பொருள் போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உரக்கக் கேட்டவன் நிறையப் பெற்றான். கேட்க நாணியவன் திண்ணை ஓரத்தில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

அப்படியானால், அளவு என்பது ஈகைக்கு நேர்ந்த குறையா? அல்லது ஈகையின் ஓர் அங்கமேதானா?

நீதி நூல்களைப் புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் சான்று கிடைக்கும். நான் கதை எழுதுகிறவன், விஞ்ஞானி அல்ல. இருந்தாலும், இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல சாட்சியை விஞ்ஞானப் புத்தகங்களில்தான் கண்டேன். அந்தச் சாட்சி வேறு யாருமல்ல, நம் உடம்பு. உடம்பு எப்படிக் கொடுக்கிறது, எப்படித் தடுக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையோடு பார்ப்போம்.

நம் உடம்பில் உள்ள உயிரணுக்களுக்குப் பிராணவாயு வேண்டும். அதைச் சுமந்து வருவது ரத்தம். நுண்ணிய ரத்தக் குழாயிலிருந்து பிராணவாயு கசிந்து பரவக்கூடிய தூரம் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் அணு பட்டினிதான். ஆகவே கரு வளரும்போதும், காயம் ஆறும்போதும், பெண்ணின் கருப்பை மாதந்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் புதிய குழாய்கள் முளைத்தாக வேண்டும். மற்ற நேரங்களில் வளர்ந்த மனிதனின் குழாய்கள் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கின்றன.

பட்டினி கிடக்கும் அணு என்ன செய்கிறது? குரல் கொடுக்கிறது. அணுவுக்குள் ஒரு புரதம் எந்நேரமும் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. பிராணவாயு போதிய அளவு இருக்கும்வரை அது உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் அழிவு நிற்கிறது. அந்தப் புரதம் சேர்ந்து பெருகி, உதவி கேட்கும் அழைப்பை எழுப்புகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அணுவிலிருந்து வெளியே போகும் அழைப்பும் ஒரு புரதமே. 1983-ல் அமெரிக்காவில் ஹரால்ட் டுவோராக்கும் அவருடைய சகாக்களும் அதை முதலில் அடையாளம் கண்டார்கள். 1989-ல் நெப்போலியோனே ஃபெராராவின் குழுவினர் அதைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். வி.இ.ஜி.எஃப். என்பது அதன் பெயர். நமக்கு ‘அழைப்பு’ என்ற சொல்லே போதும்.

அழைப்பு இருந்தால் மட்டும் போதுமா? கேட்பதற்குக் காது வேண்டுமே! ரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பாவியதுபோல் ஒரே வரிசையாக அணுக்கள் பரவியிருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் காதுகளைப் போல் சில புரதங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ரிசெப்டர் என்பார்கள், தமிழில் ஏற்பி. அதன் ஒரு பாதி அணுவுக்கு வெளியே, மறு பாதி உள்ளே. வெளிப்பாதி அழைப்பைப் பற்றியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உள்பாதிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. அந்தத் தட்டல் அணுவுக்குள் கைமாறிக் கைமாறிப் போய், ‘எழுந்திரு, அழைப்பு வரும் திசையில் நட’ என்ற கட்டளையாகிறது. அதுவரை அசையாமல் கிடந்த அணு, விரல்கள் போன்ற மெல்லிய இழைகளை நீட்டித் தடவிக்கொண்டே முன்னேறுகிறது. பின்னால் வரும் அணுக்கள் குழாயாக அமைகின்றன. ரத்தம் பாய்கிறது. பட்டினி தீர்கிறது.

இதில் ஒரு நேர்த்தியைக் கவனியுங்கள். பிராணவாயு வந்து சேர்ந்ததும் அழைப்பு தானாகவே ஓய்ந்துவிடுகிறது. வயிறு நிறைந்தவன் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பதுபோல, தேவை தீர்ந்த அணு பேசாமல் இருந்துவிடுகிறது. கேட்பவன் நேர்மையானவனாக இருக்கும்வரை கொடுப்பவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

கேட்பவன் நேர்மையற்றவனாக இருந்தால்?

1971-ல் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோய்க் கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குப் புதிய ரத்தக் குழாய்கள் வேண்டும். கட்டியே அக்கம்பக்கத்துக் குழாய்களை அழைத்துக்கொள்கிறது. அந்த வரவைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்பது அவர் வாதம். பல ஆண்டுகள் அதை நம்பாதவர்களே அதிகம். பின்னாளில் அவர் சொன்ன வழி மெய்யென்று தெரிந்தது. கட்டி புதிய மொழி எதையும் பேசவில்லை. பட்டினி கிடக்கும் நல்ல அணு எந்தக் குரலில் அழைக்கிறதோ, அதே குரலில்தான் அதுவும் அழைக்கிறது. ஏற்பி அந்தக் குரலைக் கேட்கிறது. குழாய் எழுந்து போகிறது. தன் இல்லத்தையே அழிக்க வந்தவனுக்கு உடம்பு சோறு போடுகிறது. கர்ணன் கதைதான், ஒரு வித்தியாசம், கேட்பவன் யார் என்பது அந்தக் குழாய்க்குத் தெரியாது.

இதைப் படிக்கும்போது நம் மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவும். ‘அந்தக் காதை அடைத்துவிட்டால் என்ன?’ ஏமாந்த கொடையாளிகள் பலர் கடைசியில் வந்து சேரும் முடிவும் இதுவே. இரண்டு முறை ஏமாந்தபின் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

உடம்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1995-ல் கனடாவின் டொராண்டோ நகரில், ஜானெட் ராஸன்ட் என்ற அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் சுண்டெலிகளில் இரண்டு சோதனைகளை வெளியிட்டார்கள். அழைப்பைக் கேட்டு அணுவை எழுப்பும் ஏற்பியை, விஞ்ஞானிகள் இரண்டாம் ஏற்பி என்பார்கள். அது இல்லாமல் உருவான எலிக்கருவில் ரத்தக் குழாய்களே அமையவில்லை, கரு இறந்தது. 1996-ல் வேறு இரு குழுவினர் அழைப்பின் அளவையே பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருக்களும் பிழைக்கவில்லை. காதை அடைப்பது பிழைக்கும் வழியல்ல.

டொராண்டோவின் மற்றொரு சோதனைதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அதே அழைப்பைப் பற்றும் முதலாம் ஏற்பி என்று இன்னொன்று உண்டு. அது அழைப்பை இரண்டாவதைவிடப் பத்து மடங்கு இறுக்கமாகப் பற்றுகிறது. ஆனால் பற்றியதை உள்ளே சொல்வதில் அதற்கு அவ்வளவு ஆர்வமில்லை. அதன் தட்டல் மிகப் பலவீனமானது. வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள். இப்படிப்பட்ட ஒருவன் எதற்கு? அவனை நீக்கிவிட்டால் குழாய்கள் இன்னும் தாராளமாக வளருமே!

நீக்கிப் பார்த்தார்கள். தாராளமாகத்தான் வளர்ந்தன. குழாய்ச் சுவராக வேண்டிய அணுக்கள் தறிகெட்டுப் பெருகி, ஒழுங்கான குழாய்களாக அமைய முடியாமல் குவிந்து கிடந்தன. அந்தக் கருவும் இறந்தது. கேட்கும் காது இல்லாதபோது வந்த அதே மரணம், தடுக்கும் காது இல்லாதபோதும் வந்தது.

1998-ல் டோக்கியோவில் மசாபுமி ஷிபுயா குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதலாம் ஏற்பியின் வெளிப்பாதியை விட்டுவைத்து, செய்தி சொல்லும் உள்பாதியை மட்டும் நீக்கினார்கள். எலிகள் நன்றாகப் பிறந்தன. குழாய்களும் ஒழுங்காக அமைந்திருந்தன. ஆக, கரு வளரும் காலத்தில் அந்த ஏற்பியின் முக்கியமான வேலை பேசுவது அல்ல. மிகுதியான அழைப்பைப் பிடித்து நிறுத்திவைப்பதுதான்.

பழைய பெரிய குடும்பங்களில் உக்கிராண அறையின் சாவி ஒரு பெண்மணியின் இடுப்பில் இருக்கும். வீட்டுத் தலைவர் கூடத்தில் அமர்ந்து, ‘கொடு, கொடு’ என்பார். ஊரெல்லாம் அவரைக் கொண்டாடும். அந்த அம்மாள் உள்ளே நின்று, ‘இன்றைக்கு இரண்டு மரக்கால் போதும்’ என்பாள். கதைகளில் அவளுக்குக் கிடைக்கும் பாத்திரம் என்ன? சிடுமூஞ்சி, ஈவிரக்கம் இல்லாதவள். அடுத்த அறுப்புவரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததும், ஐப்பசி மழையில் வந்து நின்ற ஏழைக்கும் ஒரு பிடி அரிசி மிஞ்சியிருந்ததும் அவளால்தான் என்று யாரும் எழுதுவதில்லை. கொடுத்தவன் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. கொடுப்பதற்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டவள் பெயர் எங்கும் இல்லை.

குழாய்களின் விஷயத்தில் இந்தத் தடுப்பு ஓரிடத்தோடு நிற்கவில்லை. அழைப்பு வந்ததும் அக்கம்பக்கத்து அணுக்கள் எல்லாமே எழுந்து ஓடினால் என்ன ஆகும்? முதலில் எழுந்த அணு, தன் பக்கத்து அணுவின் மேலுள்ள நாட்ச் என்ற வேறொரு ஏற்பியைத் தொட்டு, ‘நீ இங்கேயே இரு’ என்கிறது. தொடப்பட்ட அணு அழைப்பைக் கேட்கும் காதுகளைக் குறைத்துக்கொள்கிறது. ஒருவன் போகிறான், மற்றவன் இருக்கிறான். அதனால்தான் குழாய் குழாயாக இருக்கிறது. 2006-ல் சில ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் கட்டிகளில் இந்தத் தடுப்பை நீக்கிப் பார்த்தார்கள். கட்டிக்குள் முன்னைவிட ஏராளமான குழாய்கள் முளைத்தன. ஆனால் அவற்றில் ரத்தம் சரியாக ஓடவில்லை. கட்டியின் வளர்ச்சி குன்றியது. குழாய்கள் பெருகியும் பட்டினி! ஊர் முழுக்க வாய்க்கால் வெட்டிவிட்டு, எந்த வாய்க்காலிலும் தண்ணீர் வராத கதை இது. கொடுக்கும் கைகள் பெருகுவதும், கொடை பெருகுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தடுப்பவனின் பெருமையை முழுவதும் அறிய வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று நம் கண்ணையே பார்க்க வேண்டும். கண்ணின் முன்புறம், கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் தெளிந்த படலத்தைக் கார்னியா என்பார்கள். கண் தானம் செய்தவர்களிடமிருந்து எடுத்துப் பிறருக்குப் பொருத்துவது இதைத்தான். இதில் ரத்தக் குழாயே கிடையாது. சுற்றிலும் குழாய்கள் நிறைந்த பகுதி. இது மட்டும் துல்லியமான கண்ணாடி. இத்தனைக்கும் அழைப்புப் புரதம் இங்கேயும் இருக்கிறது. பிறகு குழாய்கள் ஏன் நுழையவில்லை?

2006-ல் இதற்கு விடை சொன்ன குழுவுக்கு முன்னின்றவர்கள் பாலமுரளி அம்பாட்டியும், அவர் தமையனார் ஜெயகிருஷ்ணா அம்பாட்டியும். பாலமுரளி நம் வேலூரில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா சென்றவர். பதினேழு வயதில் டாக்டர் பட்டம் பெற்றவர். முதலாம் ஏற்பிக்கு ஒரு தனி வடிவம் உண்டு. உள்பாதியே இல்லாமல், அணுவை விட்டு விடுபட்டு வெளியில் மிதக்கும் வடிவம் அது. கார்னியாவில் அது நிறைந்திருந்து, அங்குள்ள அழைப்பையெல்லாம் பற்றிக்கொள்கிறது. எலியின் கண்ணில் அதை நீக்கியதும் கார்னியாவில் ரத்தக் குழாய்கள் புகுந்தன. அமெரிக்கக் கடற்கரைகளில் வாழும் மனாட்டி என்ற பிராணிக்கு இயல்பாகவே கார்னியாவில் ரத்தக் குழாய்கள் உண்டு. அதன் கண்ணில் இந்த மிதக்கும் ஏற்பி இல்லை. அதன் உறவினமான கடற்பசுவின் கார்னியாவில் இது இருக்கிறது; அதன் விழி தெளிவு. நம் பாக் நீரிணைக் கடலில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே, அந்தக் கடற்பசுவின் இனந்தான் அது.

நாம் உலகத்தைப் பார்க்கிறோமே, அந்தப் பார்வையே ஒரு மறுப்பின் பயன். ‘இங்கே வேண்டாம்’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று இருப்பதால்தான் தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால், கருமிகளுக்கு நான் ஒரு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

கருவுற்ற பெண்கள் சிலருக்குப் பின் மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் கலக்கிறது. முற்றினால் வலிப்பு வந்து தாயும் சேயும் உயிரிழக்க நேர்கிறது. 2003-ல் அனந்த் கருமாஞ்சியும் அவருடைய சகாக்களும் இந்நோயின் ஒரு முக்கியமான காரணத்தைக் கண்டறிந்தார்கள். கார்னியாவைத் தெளிவாக வைத்திருக்கிறதே, அந்த மிதக்கும் ஏற்பியை இப்பெண்களின் நஞ்சுக்கொடி அளவுக்கு மேல் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. தாயின் குழாய்கள் நலமாக இருக்கத் தேவையான அழைப்பைக்கூட அது விழுங்கிவிடுகிறது. கண்ணுக்கு ஒளி தந்த அதே தடுப்பு, கருவுற்றவளுக்கு நஞ்சாகிறது. உக்கிராணச் சாவி வைத்திருப்பவள் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டால் அதற்குப் பெயர் சிக்கனம் அல்லவே!

தேவை அறியாத தாராளமும் இதே துன்பத்தைத் தரும். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும், மேல்நாட்டு மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்து வந்தார்கள். அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1951-ல் ஆஸ்திரேலியாவில் கேட் காம்பெல் என்ற பெண் டாக்டர், பிராணவாயுவின் மிகுதியே காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். 1950-களின் நடுவில் பெரிய சோதனை ஒன்று அதை உறுதி செய்தது. காரணம் பின்னால் விளங்கிற்று. வேண்டியதற்கு மேல் பிராணவாயு நிறைந்ததும், வளர்ந்துகொண்டிருந்த விழித்திரை அழைப்பதை நிறுத்திவிட்டது. குழாய்கள் பாதியில் நின்றன. பிறகு சாதாரணக் காற்றுக்கு வந்ததும் விழித்திரை பசியால் கதறியது. குழாய்கள் வெறிகொண்டு முளைத்துக் கண்ணைக் கெடுத்தன. கேட்கும் முன்பே வாரி வாரிக் கொடுத்து, கேட்கும் பழக்கத்தையே மறக்கச் செய்து, பின் திடீரென்று கையை விரித்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதைப் பெற்றோர்கள் இதில் பார்க்கலாம். பயந்துபோய்ப் பிராணவாயுவை அடியோடு இறுக்கியபோது, பார்வை பிழைத்தது. ஆனால் மூச்சுக்குத் தவித்து இறந்த குழந்தைகள் அதிகமாயின என்று பின்னர் கணக்கிட்டார்கள். அளவு என்பது ‘குறைவாகக் கொடு’ என்பதன் மறுபெயர் அல்ல. இந்தக் குழந்தைகள் அதை உயிரையும் கண்ணையும் கொடுத்து நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

‘உடம்பைப் பார்த்து ஒழுக்கம் படிக்கலாமா? புற்றுநோயும் அதே உடம்பில்தானே பிறக்கிறது?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அணுவுக்கு அறமும் தெரியாது, மறமும் தெரியாது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லித் தராது. ஆனால் கொடுப்பது என்ற செயலின் அமைப்பை அது காட்டுகிறது. அந்த அமைப்பிலிருந்து கருமிக்கும் அளவறிந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இரண்டு விதமாக உணர்கிறேன்.

முதலாவது, உடம்பில் அளவை நிர்ணயிப்பது கொடுப்பவனின் வசதி அல்ல, கேட்பவனின் பசி. பசி இருக்கும்வரை அழைப்பு உண்டு. பசி தீர்ந்தால் அழைப்பு இல்லை. ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று தன் இரும்புப் பெட்டியைப் பார்த்து அளவு வைப்பவன், உடம்பைத் தனக்குச் சாட்சியாக அழைக்க முடியாது. இரண்டாவது, தடுக்கும் ஏற்பி தான் பற்றிக்கொண்ட அழைப்பைக் கொண்டு தன்னை வளர்த்துக்கொள்வதில்லை. கருமி தனக்காகப் பிடித்துவைக்கிறான். அளவறிந்தவன் பிறருக்காகப் பிடித்துவைக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கைகளும் மூடியே இருக்கின்றன. வேறுபாடு உள்ளே இருக்கிறது.

மனிதனுக்கு அணுவைவிட ஒரு பொறுப்பு அதிகம். குழாய்க்குக் குரல் மட்டுமே கேட்கிறது, முகம் தெரிவதில்லை. நமக்குத் தெரியும், அல்லது முயன்றால் தெரிந்துகொள்ளலாம். கொடுத்தபின் இவன் பசி அடங்குகிறதா, அல்லது கொடுக்கக் கொடுக்க வளர்கிறதா என்று பார்க்கலாம். அடங்கும் பசிக்குக் கொடுக்கத் தயங்குவது பாவம். அடங்காத பசிக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது, அடுத்த வீட்டுப் பசியை மறப்பதாகும். கேட்கத் தெரியாமல் திண்ணை ஓரத்தில் நிற்பவனைத் தேடிச் சென்று கேட்பது, எந்த அணுவாலும் செய்ய முடியாத, மனிதனால் மட்டுமே முடிந்த ஈகை.

உடம்பிடம் கற்ற இந்தப் பாடத்தை மருத்துவர்கள் காரியத்திலும் காட்டியிருக்கிறார்கள். 2004-ல் அமெரிக்காவில், அழைப்பைப் பற்றி நிறுத்தும் பெவாசிஸுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெருங்குடலில் தோன்றிப் பரவிவிட்ட புற்றுநோய்க்கு வழக்கமான மருந்துகளோடு அதைச் சேர்த்துக் கொடுத்த சோதனையில், நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. ஐந்து மாதத்துக்கும் குறைவுதான். அற்புதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மகளின் கல்யாணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு தகப்பனுக்கு ஐந்து மாதம் எவ்வளவு நீண்டது என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள்.

2011-ல் முதிய வயதில் விழித்திரையைக் கெடுக்கும் தாறுமாறான குழாய்களுக்காக அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்து வந்தது. அது என்ன தெரியுமா? முதலாம் ஏற்பியின் ஒரு துண்டையும் இரண்டாம் ஏற்பியின் ஒரு துண்டையும் இணைத்து மனிதன் செய்த ஏற்பி. கேட்கும் காதிலிருந்து ஒரு பகுதி, தடுக்கும் காதிலிருந்து ஒரு பகுதி. அதைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். எல்லை மீறிய அழைப்பை அது பற்றிக்கொள்கிறது. அதனால் இன்று எத்தனையோ தாத்தாக்களும் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளின் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

பாரியின் தேரை நான் குறைத்துச் சொல்லவில்லை. முல்லை கேட்கவில்லை, அவன் காது கேட்டது. ஒரே ஒரு கொடியின் முன்னால்தான் அந்தத் தேர் நின்றது. காட்டிலுள்ள கொடிகளுக்கெல்லாம் தேர் தேடி ஓடியிருந்தால், பறம்பு மலையின் குடிகளுக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்?